ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போகும் கம்பி: பவர் கேபிள், கண்டிஷனர் தேர்வு பற்றி ஓர் அறிமுகம்

புதிதாக ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி வைத்தவருக்குச் சில வாரங்களில் ஒரு சந்தேகம் வரும். பெட்டியோடு வந்த அந்தச் சாதாரணக் கருப்பு பவர் கேபிளை மாற்ற வேண்டுமா? கட்டைவிரல் தடிமனில், பின்னல் உறை போட்ட கேபிளை ஒருவர் எடுத்துக் காட்டுவார். “சுவரிலிருந்து வரும் கரண்டே சுத்தமில்லை, முதலில் ஒரு கண்டிஷனர் போடுங்கள்” என்று, மின்சாரத்தைச் சீர்செய்வதற்கென்று நடுவில் வைக்கும் பெட்டியைச் சொல்வார் இன்னொருவர். “இதெல்லாம் வீண் செலவு” என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். இவர்களில் யார் பேச்சைக் கேட்பது என்று யோசிக்கும் முன், சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஆம்ப்ளிஃபயருக்குள் போய் என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். மற்ற எல்லாவற்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

சாக்கெட்டில் இருப்பது மாறுதிசை மின்சாரம். உலகின் பெரும்பகுதியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. வட அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பாட்டைப் பெருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு இது அப்படியே உதவாது, அவற்றுக்கு நேர்மின்சாரம் வேண்டும். ஆகவே கேபிள் வந்து செருகும் இடத்தைத் தாண்டியதும் முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைக் குறைக்கிறது. பிறகு நான்கு டயோடுகள் அலையின் இரண்டு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. கடைசியாக, உருளை வடிவப் பெரிய கெப்பாசிட்டர்கள் அதைச் சேமித்துச் சமப்படுத்துகின்றன. ஸ்பீக்கருக்குப் போகிற சக்தி முழுவதும் இந்தக் கெப்பாசிட்டர்களிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போலத்தான் இது. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் கீழே குழாயில் தண்ணீர் ஒரே சீராக விழும். கெப்பாசிட்டர்தான் தொட்டி. அது நிரம்புவதும் விட்டுவிட்டுத்தான்: அலை உச்சத்தை நெருங்கும் அந்தச் சிறு நேரத்தில் மட்டும் டயோடு திறந்து மின்சாரத்தை உள்ளே விடும், மற்ற நேரத்தில் மூடியே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை நடக்கும். தடிமனான கேபிள் வேண்டும் என்பவர்களின் வாதத்தில் உள்ள உண்மையும் இதுதான். மின்சாரம் சீராக ஓடாமல் குட்டிக்குட்டித் துடிப்புகளாக இழுக்கப்படுவதால், ஒவ்வொரு துடிப்பின் உச்சமும் சராசரியைவிடப் பல மடங்கு இருக்கும். அதைத் தாங்க ஓரளவு தடிமன் வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

ஸ்விட்ச்-மோட் சப்ளை கொண்ட ஆம்ப்ளிஃபயர்கள் இன்று நிறைய வந்துவிட்டன. அவை சுவரின் மின்சாரத்தை நேராகவே நேர்மின்சாரமாக மாற்றி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, மிகச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியே அனுப்பி, மறுபடி நேர்மின்சாரமாக்கும். வழி வேறானாலும் தொட்டி அங்கேயும் உண்டு.

கேபிளின் வேலை

தாமிரக் கம்பியின் மின்தடை அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. 0.75 சதுர மில்லிமீட்டர் கேபிள் 2 மீட்டர் இருந்தால், போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர் கம்பி. அதன் தடை சுமார் 0.1 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் எடுத்தால் அதில் பாதி. ஓர் ஆம்ப்ளிஃபயர் 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 230 வோல்ட்டில் அது 900 வாட்டுக்கு மேல், வீட்டில் பாட்டுக் கேட்கும்போது அரிதாகவே தொடும் அளவு. அப்போதுகூட மெல்லிய கேபிளில் 0.4 வோல்ட்டும், தடித்ததில் 0.2 வோல்ட்டும்தான் குறையும். துடிப்பின் உச்சத்தில் இது சில மடங்கு கூடும், அவ்வளவுதான். 120 வோல்ட் நாடுகளில் அதே சக்திக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும் என்பதால் அங்கே தடிமனுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு.

இப்போது சுவருக்குள் பாருங்கள். மெயின் போர்டிலிருந்து சாக்கெட் வரை 20 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் போக வரத் தடை சுமார் 0.3 ஓம். அதே 4 ஆம்பியரில் 1.2 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. சுவருக்கு வெளியே இருக்கும் 2 மீட்டரை எவ்வளவு தடிமனாக்கினாலும் உள்ளே இருக்கும் 20 மீட்டர் மாறாது.

வெள்ளிக் கம்பி, வெள்ளி முலாம் என்றெல்லாம் சொல்வார்கள். வெள்ளியின் தடை தாமிரத்தைவிட 6 சதவீதம்போலத்தான் குறைவு; தாமிரத்திலேயே ஒரு படி தடித்ததை எடுத்தால் அதைவிட அதிகம் கிடைத்துவிடும். மின்சாரம் கம்பியின் மேற்பரப்பில் மட்டும் ஓடும், ஆகவே தனி அமைப்பில் முறுக்கிய இழைகள் வேண்டும் என்ற வாதத்தையும் கேட்டிருப்பீர்கள். அதிர்வெண் மிக அதிகமாக இருக்கும்போது அது உண்மை. 50 ஹெர்ட்ஸில் தாமிரத்துக்குள் மின்சாரம் 9 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும். நம் கேபிளில் உள்ள கம்பியின் மொத்த விட்டமே ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்போது, அதன் குறுக்குவெட்டு முழுவதும் வேலை செய்கிறது.

அப்படியானால் கேபிளில் எதைத்தான் பார்ப்பது? எனக்கு முக்கியமாகப்படுவது பிடிப்பு. பிளக்கும் சாக்கெட்டும் இறுக்கமாகப் பிடிக்காத இடத்தில் தொடுபரப்பு குறையும், தடை கூடும், சூடேறும், சமயத்தில் தீப்பொறி பறக்கும். அரை மணி நேரம் பாட்டு ஓடிய பிறகு பிளக்கின் பிளாஸ்டிக் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மாற்ற வேண்டியது கேபிளாக இருக்கலாம், அதைவிட அதிகமாகச் சுவர் சாக்கெட்டாக இருக்கலாம். மிகக் கனமான, வளைய மறுக்கும் கேபிள்களில் எனக்கு இருக்கும் வருத்தமும் இதுதான். அவை தம் எடையாலேயே செருகிய இடத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அதிகம் கொடுத்து வாங்கிய கேபிள் நாளடைவில் தன் பிடிப்பைத் தானே தளர்த்திக்கொள்ளும்.

அடுத்து, வடிவம். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் உள்ள செருகிடங்களை ஐஇசி 60320 என்ற உலகத் தரம் வகைப்படுத்துகிறது. கணினி, ஆம்ப்ளிஃபயர் இரண்டிலும் பரவலாக இருக்கும் மூன்று முனைக் கேபிள் முகம் சி13. 10 ஆம்பியர் வரை. பெரிய பவர் ஆம்ப்ளிஃபயர்களில் அகலமான சி19 வரும், 16 ஆம்பியர். சிறிய பிளேயர்களில் எட்டு வடிவில் இரண்டு துளையோடு இருப்பது சி7, 2.5 ஆம்பியர், எர்த் கிடையாது. உங்கள் கருவியில் எது இருக்கிறதோ அதற்குப் பொருந்துவதாக, பாதுகாப்புச் சான்று முத்திரை உள்ளதாக, தேவைக்கு மேல் நீளமில்லாததாக வாங்குங்கள். பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் தாராளம். கம்பிகளைச் சுற்றி ஷீல்டு என்ற உலோக உறை போட்ட கேபிளுக்கு ஒரு நியாயமான பயன் உண்டு: பின்னால் இடமில்லாமல் பவர் கேபிளும் சிக்னல் கேபிளும் நெருங்கிக் கிடக்கும் வீடுகளில், பவர் கேபிள் சுற்றிலும் பரப்பும் மின்புலம் குறையும். இடம் இருந்தால் ஷீல்டுகூட வேண்டாம், இரண்டையும் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள்.

ஹம்மிங் சத்தம் எங்கிருந்து வருகிறது

கேபிளையும் கண்டிஷனரையும் தேடி வருபவர்களில் பலரை உண்மையில் துரத்துவது ஸ்பீக்கரில் கேட்கும் ‘உம்ம்’ என்ற ஓசைதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

என் அறையில் ஒருமுறை இந்த ஓசை வந்து, மூன்று வாரம் தூக்கம் கெட்டது. கேபிளை மாற்றினேன். வடிகட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினேன். ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்கவும் கொடுத்தேன்; ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் டிவிக்குப் பின்னால் இருந்த ஆன்டெனா கேபிளை ஒருநாள் தற்செயலாகக் கழற்றினேன். அறை சட்டென்று அமைதியானது. அந்த ஆன்டெனா கேபிளின் வெளிப் பின்னல் வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருந்தது. டிவி ஆம்ப்ளிஃபயரோடு ஆடியோ கேபிளால் இணைந்திருந்தது. ஆம்ப்ளிஃபயர் சுவர் எர்த்தோடு இணைந்திருந்தது. இரண்டு எர்த்துக்கும் இடையில் இருந்த மிகச் சிறிய வோல்ட்டேஜ் வித்தியாசம், ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக மின்சாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. இதைத்தான் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் வளையம் என்கிறார்கள். ஆன்டெனா வழியில், அந்த எர்த் தொடர்பை அறுக்கும் ஒரு சிறிய ஐசொலேட்டர் செருகியதோடு தொல்லை முடிந்தது. நான் முதலில் வாங்கியவை எல்லாம் நோய்க்குச் சம்பந்தமில்லாத மருந்துகள்.

ஆகவே தேடும் முறை இது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, உள்ளே வரும் எல்லாக் கேபிளையும் கழற்றி, வால்யூமைக் குறைத்து மறுபடி போடுங்கள். ஓசை போய்விட்டதா? ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு வாருங்கள். எதைச் செருகியதும் திரும்புகிறதோ அங்கே வளையம் இருக்கிறது. இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக எடுத்தால் பல வளையங்கள் அடங்கிவிடும். எதுவுமே செருகாதபோதும் ஓசை இருந்தால் குற்றம் ஆம்ப்ளிஃபயருக்குள். அதிலும் காதால் ஓர் அடையாளம் உண்டு: வளையத்தின் ஓசை 50 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்ட கனத்த முனகல், கெப்பாசிட்டர்கள் வயதாகித் தளர்ந்தால் வருவது அதற்கு இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம்.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே. இசைத்தட்டுக்கான முதல் பெருக்கியான ஃபோனோ ஸ்டேஜ் அதைச் சுமார் 100 மடங்கு பெருக்கும்போது கூட வந்த முனகலும் குறைந்தது 100 மடங்காகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயரை, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அதன் காந்தப்புலமே கார்ட்ரிட்ஜில் ஏறிவிடும். தள்ளி வைப்பதுதான் அதற்கு எளிய வழி.

சில வீடுகளில் ஸ்பீக்கர் அமைதியாக இருக்கும், ஆம்ப்ளிஃபயர் பெட்டியே உறுமும். வளைய வடிவ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர்களில் இது அதிகம். வீட்டு மின்சாரத்தில் கொஞ்சம் நேர்மின்சாரம் கலந்தாலே அவற்றின் உட்கரு காந்தத்தால் நிறைந்து அதிரத் தொடங்கும். ஹேர் டிரையரைப் பாதிச் சூட்டில் வைத்தால் உறுமல் தொடங்கி, நிறுத்தினால் நின்றுவிடுகிறதா? பாதிச் சூட்டுக்காக ஒற்றை டயோடு வைத்த டிரையர்கள் உண்டு, அவை அலையின் ஒரு பாதியை மட்டும் இழுப்பவை. இதற்கென்றே, கலந்த நேர்மின்சாரத்தைத் தடுக்கும் டிசி பிளாக்கர் என்ற சிறிய கருவி இருக்கிறது. மற்ற வடிகட்டிகள் இதில் உதவாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹம் போவதற்காக எர்த் பின்னை வெட்டிவிடாதீர்கள், எர்த் இல்லாத அடாப்டரில் செருகிவிடாதீர்கள். ஓசை போகும், உண்மைதான். உள்ளே ஒரு கம்பி கழன்று உலோகப் பெட்டியைத் தொட்ட நாளில், பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும்; ஆடியோ கேபிள் வழியே அது மற்றக் கருவிகளுக்கும் போகும். எர்த் இருந்தால் அந்தக் கணமே ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். ஆடியோவுக்கென்று தோட்டத்தில் தனியாக எர்த் கம்பி அடித்து, வீட்டின் முதன்மை எர்த்தோடு சேர்க்காமல் விடுவதும் அதே அளவு ஆபத்து.

கண்டிஷனர் என்ற பெட்டிக்குள்

கண்டிஷனர் என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை. வெவ்வேறு நோய்க்கான நான்கைந்து மருந்துகள் அந்தப் பெயரில் விற்கின்றன, எனவே உள்ளே எது இருக்கிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

மிக எளியது சர்ஜ் புரொடெக்டர். அதற்குள் எம்ஓவி என்ற வட்டமான சிறு பாகம் இருக்கும். வோல்ட்டேஜ் வழக்கமான அளவில் இருக்கும்வரை சும்மா இருக்கும்; திடீரென்று எகிறினால் அதன் தடை சரிந்து, எகிறியதைத் தன் வழியாகத் திருப்பிவிடும். ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் தேயும். எனவே பாதுகாப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் விளக்கு உள்ளதையே வாங்குங்கள். விளக்கு அணைந்தால் மாற்றிவிடுங்கள். எர்த் சரியில்லாத சாக்கெட்டில் இதன் வேலையில் ஒரு பங்குதான் நடக்கும். பக்கத்தில் இடி விழும் அளவுக்கு இதை நம்ப வேண்டாம். மின்னல் நெருங்குவதற்கு முன்பே பிளக்கையும், ஆன்டெனா, இன்டர்நெட் கேபிள்களையும் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. இசைக்காக இல்லாவிட்டாலும், கருவிகளைக் காப்பதற்காக எல்லோரிடமும் இருக்க வேண்டியது என்று நான் நினைப்பது இந்த ஒன்றுதான்.

அடுத்தது இரைச்சல் வடிகட்டி. இரண்டு சுருள், சில கெப்பாசிட்டர்கள். சார்ஜர், எல்இடி விளக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போன்றவை மின்கம்பியில் ஏற்றும் அதிவேக இரைச்சலை இது தடுக்கும். ஆனால் இது நன்றாக வேலை செய்வது லட்சக்கணக்கான ஹெர்ட்ஸ் மட்டத்தில். நம் காதில் விழும் 50 ஹெர்ட்ஸ் முனகலை இது ஒன்றும் செய்யாது. செய்தால் வீட்டு மின்சாரத்தையே அல்லவா தடுக்க வேண்டியிருக்கும்! தவிர, தரமான கருவிகளில் இதே வடிகட்டி நுழைவாயிலிலேயே இருக்கிறது. டிம்மரைத் திருப்பினால் ஸ்பீக்கர் கரகரக்கிறது, ரேடியோ நிலையம் ஒன்று மெல்லியதாகப் பின்னணியில் ஒலிக்கிறது என்ற நிலை இருந்தால் மட்டும் இதை முயன்று பாருங்கள். அதற்கும் முன்னால், குற்றவாளியை வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடித்து, அந்தச் சார்ஜரையோ டிம்மரையோ மாற்றுவது மலிவு.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கனமான ஆள். உள்ளே வரும் சுருளுக்கும் வெளியே போகும் சுருளுக்கும் நேரடித் தொடர்பு இல்லாததால் இரைச்சலில் ஒரு பகுதி கடக்க முடியாது. எர்த் கம்பி மட்டும் பாதுகாப்புக்காக அப்படியே கடந்து போகும். எர்த் வழியாக உண்டான ஹம் வளையம் இதனால் அறுபடாது என்பதை வாங்கியபின் அறிந்து வருந்தியவர்கள் உண்டு.

ஸ்டெபிலைசரின் வேலை வோல்ட்டேஜை ஏற்றி இறக்கிச் சமப்படுத்துவது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபயரின் அதிகபட்ச வாட் சுமார் 19 சதவீதம் குறையும். பெரிய இழப்பு போலத் தெரியும். ஒலியில் அது ஒரு டெசிபலுக்கும் குறைவு, அதுவும் வால்யூமை அதன் எல்லைவரை தள்ளினால்தான் தெரியும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று பின்னால் அச்சிட்ட கருவிகளுக்குக் குறைந்த வோல்ட்டேஜ் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வோல்ட்டேஜ் அடிக்கடி எல்லை மீறி ஏறும் இடம் என்றால் கருவியின் ஆயுளுக்காக ஸ்டெபிலைசர் அவசியம்.

ரீஜெனரேட்டர் வந்த மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, புதிதாக ஓர் அலையைத் தானே உருவாக்கித் தரும். அழகான தொழில்நுட்பம். சூடும் அதிகம், விலையும் அதிகம். இவ்வளவு சுத்தமாக உருவான அலையை ஆம்ப்ளிஃபயர் மறுபடி டயோடில் போட்டு வெட்டித் தொட்டியில்தான் ஊற்றுகிறது. ஆனால் சிங்க்ரனஸ் மோட்டார் வைத்த டர்ன்டேபிளின் கதை வேறு. அந்த மோட்டாரின் வேகம் நேராக ஹெர்ட்ஸைப் பின்பற்றும். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 67.5 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 45 சுற்று. மின்சாரத்தின் தரம் நேரடியாக இசையைத் தொடும் அரிய இடம் இது. ஒரு சிறிய ரீஜெனரேட்டர் அங்கே மதிப்புள்ள செலவு.

யூபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை: மலிவானவை பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு வடிவ அலையைத் தரும், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். சுவரில் வருவது போன்ற வழவழப்பான அலையை, அதாவது சுத்த சைன் அலையைத் தருவதைக் கேட்டு வாங்குங்கள்.

இவற்றில் எதை வாங்கினாலும் அதன் விஏ அளவை, அதாவது எவ்வளவு சுமை தாங்கும் என்பதைப் பாருங்கள். பெரிய பவர் ஆம்ப்ளிஃபயர் நொடிக்கு நூறு முறை துடிப்பாக இழுக்கும் என்று பார்த்தோம். சிறிய டிரான்ஸ்ஃபார்மரோ ரீஜெனரேட்டரோ நடுவில் நின்றால் அந்தத் துடிப்பின் தலை நசுங்கி, உள்ளே தொட்டி முழுதாக நிரம்பாது. உதவிக்கு வைத்ததே இடைஞ்சலாகும். பவர் ஆம்ப்ளிஃபயரை மட்டும் நேராகச் சுவரில் செருகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அப்படிச் செருகும்போதும் ஒரே போர்டில் உள்ள பக்கத்துச் சாக்கெட்டையே பயன்படுத்துங்கள், புது வளையம் உண்டாகாமல் இருக்க.

செலவு செய்தே தீருவது என்று மனம் இருந்தால், என் தேர்வு ஓர் எலக்ட்ரீஷியன். மெயின் போர்டிலிருந்து ஆடியோவுக்கு மட்டும் தனி லைன், 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, தனி பிரேக்கர், கடைசியில் இறுகப் பிடிக்கும் நல்ல சாக்கெட் வரிசை. ஃபிரிட்ஜ் தொடங்கும்போது வரும் ‘டிக்’ குறையும், எல்லாக் கருவிக்கும் ஒரே எர்த் கிடைக்கும், சுவருக்குள் இருந்த அந்த 20 மீட்டரும் தடிக்கும். கூடவே வீட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் அளந்துவிடச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேபிள் ஒலியை மாற்றியது என்று உங்கள் காது சொன்னால், காதை நம்புங்கள், ஆனால் கண்ணை மூடி. கேபிளை மாற்ற எழுந்து, அணைத்து, போட்டு, உட்கார்ந்து கேட்கும்போது ஆவலும் சேர்ந்தே கேட்கிறது, எனக்கும் அப்படித்தான். வீட்டில் ஒருவரிடம் காசைச் சுண்டிவிட்டு, விழுந்தபடி பழையதையோ புதியதையோ மாட்டச் சொல்லுங்கள். மாட்டுவது உங்கள் கண்ணில் படக் கூடாது. ஆம்ப்ளிஃபயரை அணைத்த பிறகே கழற்ற வேண்டும், வால்யூம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், பாட்டும் ஒன்றே. பத்து முறை கேட்டு, எது மாட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கு வெறும் ஊகத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கே வாய்ப்பு. அப்படி வந்தால் அந்தக் கேபிள் உங்கள் வீட்டில் எதையோ உண்மையாகவே மாற்றுகிறது. ஷீல்டா, எர்த்தா, தளர்ந்த பிளக்கா என்று அடுத்து அதைத் தேடலாம்.